மளிகைச் செலவ குறைக்கோணுமா? போசிக்குள்ள போற கிலோவுக்கு கணக்குப் போடுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. இன்னைக்கு மாச சாமான் வாங்கறதப் பத்திப் பேசலாம். கடைக்குப் போனதும் நாம எல்லாரும் "கிலோ என்ன விலை"ன்னுதான் கேக்கறோம். கேக்கோணும், தப்பில்லீங்க. ஆனா கடைல நிறுத்த கிலோ வேற, அழுகினது, தொலிச்சது, பூச்சி அடிச்சது எல்லாம் போக போசிக்குள்ள, அதாங்க சமைக்கற பாத்திரத்துக்குள்ள, போற கிலோ வேற. நீங்க காசு குடுக்கறது மொத கிலோவுக்கு, சமைக்கறது ரெண்டாவது கிலோவ. காசு எங்க எச்சா போவுதுன்னு அந்தக் கணக்குல பாத்தாத்தான் தெரியும்.

சின்ன வெங்காயத்துல இருந்தே வரலாம், நம்ம பக்கம் அது இல்லாம ஒரு நாள் அடுப்பு எரியாது. ஒரு கடைல கிலோ 50, பக்கத்துக் கடைல 60ன்னு வெச்சுக்குவோம். 50 ரூபா வெங்காயத்தக் கைல எடுத்து, தண்டு இருந்த இடத்த, அதாங்க கழுத்த, ரெண்டு விரல்ல அமுக்கிப் பாருங்க. இந்தா, கேமராவுக்குக் கிட்ட காட்டறேன். மெத்துனு உள்ள போவுதா? அது சரியா காயாத வெங்காயம். ஈரமும் ஒட்டியிருக்கற மண்ணும் சேந்து எடை. 5 கிலோ வாங்குனா காஞ்சு, அழுகி, தோல் போயி ஒன்றரை கிலோ கழியும். மிச்சம் மூன்றரை கிலோ, குடுத்தது 250 ரூபா. அப்பப் பாத்தா கிலோ 71 ரூபா ஆச்சு. 60 ரூபா வெங்காயம் கழுத்து ஒட்டிக் காஞ்சு, கையில அள்ளுனா சலசலன்னு சத்தம் வரும். அதுல அரைக் கிலோதான் போகும். 300 ரூபாய்க்கு நாலரை கிலோ, கிலோ 67 ரூபா. வெல எச்சா இருந்தது தான் லாபம்.

கொண்டு வந்ததும் பிளாஸ்டிக் கவர்ல இருந்து உடனே எடுத்துருங்க. மூங்கில் கூடைலயோ சாக்கு மேலயோ காத்தாடப் பரப்புங்க. உருளைக்கிழங்கு பக்கத்துல வெக்காதீங்க, ரெண்டும் ஒண்ணா இருந்தா சீக்கிரம் கெட்டுப் போகும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா கையால ஒரு பெரட்டு பெரட்டி, அழுகுனத மட்டும் எடுத்துருங்க. ஒண்ணு அழுகுனா சுத்தி இருக்கற நாலையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்.

காய்க்கு உழவர் சந்தை. 1999ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்சது, கோயமுத்தூர்ல ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர்னு பல இடத்துல இருக்குது. அன்னன்னைக்கு வெல பலகைல எழுதிப் போடுவாங்க. உள்ள போறதுக்கு முன்னால அந்தப் பலகைய போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க, பாதி வேலை முடிஞ்சுது. ஒண்ணு மட்டும் கவனிங்க: சந்தை வாசலுக்கு வெளிய ரோட்டோரம் போட்டிருக்கற கடைங்களுக்கு அந்தப் பலகை வெல பொருந்தாது. அடையாள அட்டை உள்ள விவசாயிங்க உள்ளதான் உக்காந்திருப்பாங்க. அப்புறம் தக்காளி வாங்கறப்ப எல்லாமே பழமா வாங்காதீங்க. மூணுல ஒரு பங்கு பழம், ரெண்டு பங்கு செங்காயா எடுத்தா வாரம் தாங்கும்.

எண்ணெய்லதானுங்க நெறையப் பேரு ஏமாறறது. இந்த ரெண்டு பாக்கெட்டப் பாருங்க, ரெண்டும் கடலெண்ணெய், பாத்தா ஒரே சைஸ். இது 1 லிட்டர், வெல 180ன்னு வெச்சுக்குங்க. இது 165. பதினஞ்சு ரூபா கம்மின்னு கை இதுக்குத்தான் போகும். ஆனா கீழ பொடி எழுத்துல 800 கிராம்னு போட்டிருக்குது பாருங்க. ஒரு லிட்டர் எண்ணெய் சுமாரா 910 கிராம் இருக்கும். அந்த 910 கிராமுக்கு இந்த 165 ரூபா பாக்கெட்டக் கணக்குப் போட்டா 188 ரூபா வருது. கம்மின்னு நெனச்சது எட்டு ரூபா எச்சா. எம்.ஆர்.பி. பக்கத்துல கிராமுக்கு இவ்வளவுன்னு யூனிட் விலை அச்சடிச்சிருப்பாங்க, அதப் படிச்சுப் பழகுங்க. கிராம் வெலைய 910ஆல பெருக்குங்க, லிட்டர் வெல வந்துரும்.

செக்கெண்ணெய் வாங்கறவங்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய ரெண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேணும். பருப்பு கிலோ 120ன்னா பருப்புக்கே 300 ஆச்சு. மேல ஆட்டற கூலி, கழிக்கறதுக்குப் புண்ணாக்கு. அந்த மாதிரி நேரத்துல ஒருத்தர் "செக்குல ஆட்டுனது, லிட்டர் 200"ன்னா அது எப்படிக் கட்டும்னு நீங்களே யோசிங்க. வாங்காதீங்க. நீங்களே பருப்புக் கொண்டு போயி ஆட்டுனா புண்ணாக்கு யாருக்குன்னு முன்னாலயே பேசிக்குங்க. மாடு வெச்சிருக்கறவங்களுக்கு அது நல்ல காசு, மில்லுலயே விட்டுட்டு வந்துராதீங்க. தேங்காயெண்ணெய்க்குக் காங்கயம் பக்கம் போறீங்கன்னா கொப்பரைய ஒடச்சுப் பாத்து வாங்குங்க. டக்குனு ஒடையோணும். வளைஞ்சுதுன்னா ஈரம், அந்த எண்ணெய் ஒரு மாசத்துலயே காறல் அடிக்கும். ஆட்டுன எண்ணெய்ய மூணு நாள் அசைக்காம வெச்சு, தெளிஞ்சத மட்டும் எவர்சில்வர் தூக்குல ஊத்துங்க. ரெண்டு மாசத்துக்கு மேல ஸ்டாக் வேண்டாம்.

அரிசி மூட்டைல 25 கிலோ, 26 கிலோன்னு ரெண்டு வருதுங்களா? 2022 ஜூலை 18ல இருந்து, லேபிள் ஒட்டிக் கட்டுன 25 கிலோ வரைக்குமான பைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டாங்க. அதத் தாண்டத்தான் 26 கிலோ மூட்டை வந்துச்சு. மூட்டை வெலைய ஒப்பிடாம கிலோ வெலைய ஒப்பிடுங்க. பழைய அரிசியா கேட்டு வாங்குங்க. கிலோவுக்கு ரெண்டு ரூபா எச்சா இருந்தாலும் அதே ஆழாக்குல சோறு நல்லாக் காணும், கொழையாது.

பருப்புக்கு முன்னால ரேஷன். துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. லிஸ்ட் எழுதறப்பவே இத மேல எழுதிக் கழிச்சுட்டு மீதிய எழுதுங்க. துவரை வெல ஏறுன மாசம் கொள்ளும் தட்டப்பயறும் பச்சப்பயறும் எச்சா வாங்குங்க. வாரத்துல மூணு நாள் கொள்ளு கடஞ்சு, பயறு கடஞ்சு, ஒரு நாள் அரிசிம்பருப்புச் சோறுன்னு போட்டா துவரை தன்னால பாதியாகும்.

பருப்புல வண்டு வர்றது உங்க டப்பா குத்தமில்லீங்க. வண்டோட முட்டை கடைல இருந்தே பருப்புல ஒட்டி வருது, ஈரமும் சூடும் கெடச்சதும் பொரிக்குது. வாங்குன அன்னைக்கே நல்ல வெயில்ல அரை நாள் காய வெச்சு, முழுசா ஆறுன பின்னால டப்பால போடுங்க. முழுப் பயறு, துவரைன்னா கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் வெளக்கெண்ணெய் தேச்சு வெக்கலாம். ரவை, மைதாவ ஃப்ரீசர்ல நாலு நாள் வெச்சு எடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழைல எந்தப் பருப்பும் ஒரு மாசத்துக்கு மேல வாங்காதீங்க, ஆஃபர் எவ்வளவு இருந்தாலும் சரி.

கடைசியா பொடி. மல்லியும் வரமிளகாயும் தனித்தனியா வாங்கி அரைச்சா பாக்கெட்டுப் பொடியவிட நல்லாவே மிச்சமாகும், வாசமும் நமக்குப் புடிச்ச மாதிரி வரும். மல்லி ஒரு கிலோவுக்கு மிளகாய் கால் கிலோவுல இருந்து அரைக் கிலோ, உங்க ஊட்டுக் காரத்துக்குத் தக்கன. மஞ்சளுக்கு ஈரோட்டு விரலி அரைக் கிலோ எடுத்தா வருசமே ஓடும். தை, மாசில புது மஞ்சள் வரத்து ஆரம்பிக்கும். மஞ்சள உரல்ல இடிச்சுப் பொடுசாக்கித்தான் மில்லுக்குக் கொண்டு போகோணும், முழுசா மிக்சில போட்டா பிளேடு போயிரும்.

மில்லுல ஆளுக கோதுமையோ ராகியோ அரைச்ச உடனே உங்க மிளகாயப் போட விடாதீங்க, மாவு கலந்து பொடி சீக்கிரம் கெடும். மிளகாப்பொடி அரைச்சவங்களுக்கு அடுத்ததா நில்லுங்க. மல்லிய முதல் நாளே வெயில்ல காய வெச்சுருங்க, ஈரம் இருந்தா கல்லுல ஒட்டிக்கும், எடையும் மில்லுலயே நின்னுரும். அரைச்சு வர்றப்ப பொடி கை சுடற சூட்டுல இருக்கும். அப்படியே டப்பால போட்டு மூடிட்டா உள்ள வேர்த்து, பத்து நாள்ல கட்டி கட்டியாகி பூஞ்சை புடிச்சுரும், அரைக் கிலோ மிளகாய் குப்பைக்கு. ஊட்டுக்கு வந்ததும் பேப்பர்ல மெல்லிசாப் பரப்பி, மேல ஒரு வேட்டித் துணி மூடி, ராத்திரி முழுக்க ஆற விட்டு, காலைல டப்பால போட்டு மூடுங்க. ஒரு மாசத்துக்குத் தேவையானத மட்டும் வெளிய எடுத்துட்டு மிச்சத்த அமுக்கி நெரப்பி ஃப்ரிட்ஜுல வெச்சுருங்க.