கால்சியம் கூடியிருக்கிறதா? மருத்துவரைப் பார்க்கும் முன்

வணக்கம். வருகிற வியாழக்கிழமை அம்மாவை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அழைத்துச் செல்லவிருக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்குக் கால்சியம் 11.2 (மி.கி./டெ.லி.) என்று வந்திருக்கிறது. மேல் வரம்பு பொதுவாக 10.5-ஐ ஒட்டியே இருக்கும். கால்சியத்தைப் பிணைத்து வைத்திருக்கும் ரத்தப் புரதமான ஆல்புமின் 3.5 (கி./டெ.லி.) தான் என்பதால், 4-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு 1-க்கும் 0.8 கூட்டும் கணக்கின்படி, திருத்திய கால்சியம் அளவு 11.6 ஆகிறது. ஆகவே ஆல்புமின் அளவு இருக்கும் பக்கத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

இதோ, அம்மாவின் மருந்து டப்பாவை மேசைமேல் கொட்டி வைத்திருக்கிறேன். வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி தூளை, அம்மா ஓராண்டாக நிறுத்தாமல் பாலில் கலந்து குடித்து வந்திருக்கிறார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் மருத்துவருக்கு இது தெரிந்தாக வேண்டும். கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு மெல்லும் மாத்திரை, மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்றவையும் கால்சியத்தை ஏற்றக்கூடும் என்பதால், அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள். அழுத்த மாத்திரையை மட்டும் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவர் பெரும்பாலும் முதலில் கேட்பது பாராதைராய்டு ஹார்மோன் அளவைத்தான். கழுத்தில் தைராய்டுக்குப் பின்புறம் அரிசி அளவில், இந்த ஹார்மோனைச் சுரக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பொதுவாக நான்கு உள்ளன. கால்சியம் ஏறினால் அவை அடங்க வேண்டும். அடங்காமல் ஹார்மோன் கூடுதலாகவோ, சாதாரண அளவிலோ இருந்தால் சந்தேகம் அந்தச் சுரப்பிகள்மேல் விழும். நன்றாகக் குறைந்திருந்தால், புற்றுநோய் உள்பட வேறு காரணங்களைத் தேடுவார்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அது சில கருவிகளில் இந்த ஹார்மோன் அளவைத் தவறாகக் காட்டும்.

பழைய அறிக்கைகளைத் தேடியபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கால்சியம் 10.7 இருந்ததைக் கண்டேன். அன்று எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இப்படிப் பல ஆண்டுகளாக மெதுவாக ஏறிவருவது மருத்துவருக்கு மிக முக்கியமான துப்பு. சிறுநீரகக் கல், எலும்பு முறிவு, மலச்சிக்கல், தீராத தாகம், இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

வாந்தி நிற்காமல் போனாலோ, பேச்சில் குழப்பமோ அளவுக்கு மீறிய தூக்கமோ தெரிந்தாலோ, வியாழக்கிழமை வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதென்று முடிவு செய்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படியே செய்யுங்கள்.