ஆயிரம் பெனால்டி அடிச்சும் பத்தல

வணக்கம் நேயர்களே. பசங்களுக்கு ஃபுட்பால் கோச்சிங் குடுக்கற ஆளுங்கறதால பெனால்டி ஷூட்அவுட்டுக்கு எப்படி ரெடி பண்றதுன்னு பேசக் கூப்பிட்டிருக்காங்க, ரொம்ப சந்தோஷம். ஷூட்அவுட்னா, மேட்ச் சமமா முடிஞ்சா ரெண்டு டீமும் மாத்தி மாத்தி ஒவ்வொருத்தரா வந்து கீப்பரை மட்டும் எதிர்த்து பந்தை அடிச்சு, யார் ஜெயிச்சாங்கன்னு முடிவு பண்றது.

2022 கத்தார் வேர்ல்ட் கப்ல ஸ்பெயின் மொராக்கோ மேட்ச் ஞாபகம் இருக்கா? ஸ்பெயின் கோச் லூயிஸ் என்ரிகே ஒரு வருஷத்துக்கு முன்னாடியே ப்ளேயர்ஸ்கிட்ட, இங்க வரதுக்குள்ள ஆளுக்கு ஆயிரம் பெனால்டியாவது அடிச்சுட்டு வாங்கன்னு ஹோம்வொர்க் குடுத்திருந்தார். ஷூட்அவுட்ல என்னாச்சு? சராபியா அடிச்சது போஸ்ட்ல பட்டுச்சு, சோலர், புஸ்கெட்ஸ் ரெண்டு பேரையும் கீப்பர் போனோ தடுத்துட்டார், 3-0ன்னு மொராக்கோ ஜெயிச்சது, ஸ்பெயினுக்கு ஒரு கோல்கூட இல்ல.

அதுக்காக பிராக்டிஸே வேஸ்ட்னு சொல்லல. காலுக்கு மட்டும் பிராக்டிஸ் குடுத்தா பத்தாது, அவ்ளோதான். பந்து வெக்கற ஸ்பாட்லேருந்து கோல் 11 மீட்டர், கோலோட அகலம் 7.32 மீட்டர், காலைல மைதானத்துல யாரும் பாக்காதப்ப பத்துக்கு ஒம்போது உள்ள போகும். ஆனா 120 நிமிஷம் ஓடி முடிச்சு, சென்டர் சர்க்கிள்லேருந்து தனியா ஒரு 40 மீட்டர் நடந்து வரணுமே, மனசுக்குள்ள எல்லாம் ஓடறது அந்த நடையிலதான்.

நார்வேகாரர் கெயிர் யோர்டெட்னு ஒரு சைக்காலஜிஸ்ட், ஷூட்அவுட் வீடியோக்களை வருஷக்கணக்கா பாத்தவர், விசில் அடிச்ச உடனே அவசரமா ஓடி அடிக்கறவங்க அதிகமா மிஸ் பண்றாங்கன்னு காமிச்சார். அந்த அவசரம் இங்கிலாந்து ப்ளேயர்ஸ்கிட்டதான் ரொம்ப இருந்துச்சு, 1990லேருந்து 2012 வரைக்கும் ஆறு ஷூட்அவுட் தோத்த டீம் அது.

அதனால நான் பசங்களுக்கு ட்ரெய்னிங் கடைசியில, நல்லா மூச்சு வாங்கும்போதுதான் பெனால்டி வைப்பேன், ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு, மிஸ் பண்ணா அன்னிக்கு மறு சான்ஸ் கிடையாது. பாதி கிரவுண்ட்லேருந்து நடந்து வரணும், பந்தை அவனே வைக்கணும், விசில் கேட்டதும் ஒரு மூச்சு இழுத்து விட்டுட்டு அப்பறம்தான் ஓடணும், மிச்ச பசங்க சுத்தி நின்னு கத்துவாங்க. மிஸ் பண்ணிட்டு திரும்பி நடக்கறவன ஒருத்தன் போய் தோள்ல கைபோட்டு கூட்டிட்டு வரணும், இதை நான் விட்டுக்குடுக்கறதே இல்ல, ஏன்னா அடுத்து அடிக்கப் போறவன் அதையும் பாத்துட்டுதான் நிக்கறான்.

கீப்பருக்கு பயம் கொஞ்சம் கம்மி, கோல் விழுந்தா யாரும் அவனைத் திட்டப் போறதில்ல. பந்தை அடிக்கற நொடியில ஒரு பாதமாவது லைன்ல இருக்கணும்னு ரூல் இருக்கு, அதுக்குள்ள எவ்ளோ லேட்டா டைவ் அடிக்க முடியுமோ அவ்ளோ நல்லது, ஊனற கால் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்க அப்பதான் நேரம் கிடைக்கும். எதிராளியோட பழக்கத்தைப் படிச்சு வெச்சுக்கறதும் உண்டு, 2006 வேர்ல்ட் கப்ல ஜெர்மனி கீப்பர் லேமன் அர்ஜென்டினா ப்ளேயர்ஸ் பத்தின குறிப்பை சாக்ஸ்ல வெச்சிருந்தார்.

2021ல யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளோட கப், அதோட ஃபைனல்ல இத்தாலிக்கு எதிரா இங்கிலாந்தோட கடைசி பெனால்டியை சாக்காவுக்கு குடுத்தாங்க, 19 வயசு பையன், இத்தாலி கீப்பர் டோனருமா தடுத்துட்டார், அன்னிக்கு அவன் அழுததைப் பாத்து நானும் அழுதேன். 2024 யூரோல இங்கிலாந்துக்கு மறுபடி ஷூட்அவுட், இந்த தடவ சுவிட்சர்லாந்தோட. இங்கிலாந்து கீப்பர் பிக்ஃபோர்ட் தண்ணி பாட்டில்ல யார் எந்தப் பக்கம் அடிப்பான்னு எழுதி வெச்சிருந்தார், சுவிஸ் டீம் அடிச்ச முதல் பந்தே அகாஞ்சியோடது, பாட்டில்ல போட்டிருந்த மாதிரியே இடது பக்கம் விழுந்து தடுத்தார். மூணாவதா நடந்து வந்தது சாக்கா, பந்தை வெச்சான், நின்னான், அடிச்சான், உள்ள போச்சு.