பரிசீலித்தவர் யார்?

(மதுரையில் ஒரு நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் கதவோரம் நின்றபடியே கேட்கும் இளைஞர்களே, வணக்கம்.

'போக்குவரத்து ஆலோசனைக் குழுக்களில் பொதுமக்களும் நிபுணர்களும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். ஒன்று, மதுரைக்காரர்களுக்குப் பொறுமை கூடியிருக்க வேண்டும்; இல்லையென்றால் வெளியே மழை பிடித்திருக்க வேண்டும்.

நான் சிவில் பொறியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பயணிகள் ஆலோசனைக் குழு ஒன்றில் நிபுணர் உறுப்பினராக இரண்டு ஆண்டுகள் இருந்தேன். எந்த அலுவலகம் அமைத்த குழு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கே நான் செய்த தவற்றைச் சொல்ல மட்டும் எனக்கு முழு உரிமை இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாவது கூட்டம். டவுன் பஸ் டிரிப்புகளில் எவை தேவை, எவை வீண் என்று ஓர் அறிக்கை கொடுத்திருந்தேன். பாடப்புத்தகம் சொல்கிறபடி, நெரிசல் நேரமான காலை 7 மணி முதல் 10 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் ஆள் வைத்து எண்ணிய கணக்கு அது. வண்ண வண்ணமாக வரைபடங்கள். அதில் ஒரு வரி: திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து விடிவதற்கு முன்பு புறப்படும் டிரிப் ஆறு மாதமாக ஓடவில்லை, அதை அட்டவணையிலிருந்தே எடுத்துவிடலாம்.

எனக்கு எதிர் நாற்காலியில் பூ வியாபாரம் செய்யும் ஓர் அம்மா இருந்தார். மகளிர் குழுவின் சார்பில் உறுப்பினரானவர். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. நான் பேசி முடிக்கும்வரை எதுவும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "சார், நீங்கள் ஏழு மணிக்குத்தானே எண்ண ஆரம்பித்தீர்கள்? ஏழு மணிக்கு நான் பூவைக் கொடுத்துவிட்டுக் காசை முடிந்து திரும்பியிருப்பேனே!"

மல்லிகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. இருட்டு பிரிவதற்குள் மொட்டாகப் பறித்தால்தான் அதற்கு விலை. வெயில் ஏறிய பிறகு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போனால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். அந்த டிரிப் நின்ற பிறகு ஏழெட்டுப் பேர் சேர்ந்து சரக்கு ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார்கள். ஆட்டோ வாடகை பூ விலையில் கழிந்தது. என் வரைபடத்தில் அது எந்த வண்ணத்திலும் இல்லை.

நானும் விடவில்லை. நிபுணர் அல்லவா! "அம்மா, டிக்கெட் இயந்திரத்தின் கணக்கு இருக்கிறதே, நிற்பதற்கு முந்தைய மாதங்களிலும் அந்த டிரிப்பில் ஆள் குறைவுதான்" என்றேன். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் நடத்துநர் அவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். ஆகவே கணக்கு உண்டு. அந்த அம்மா நோட்டைப் புரட்டினார். அந்த பஸ் எந்தெந்த நாளில் வந்தது, எந்தெந்த நாளில் வரவில்லை, வந்த நாளில் எத்தனை நிமிடம் தாமதம் என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் வராத பஸ்ஸை நம்பி யார் கூடையோடு சாலையில் நிற்பார்கள்? டிக்கெட் இயந்திரம் ஏறியவரைத்தான் எண்ணும். நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவரை எண்ணுவதற்கு இன்னும் இயந்திரம் வரவில்லை. அன்றைக்கு அந்த நோட்டுதான் இருந்தது.

சரி, பஸ் ஏன் ஒழுங்காக வரவில்லை? கோப்பில் 'பணியாளர் பற்றாக்குறை' என்று இருந்தது. குழு மேசையின் கடைசியில் ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர் சிறப்பு அழைப்பாளராக உட்கார்ந்திருந்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது எந்தக் கோப்பிலும் இல்லாத செய்தி. அது நைட் ஹால்ட் பஸ். இரவு கடைசி டிரிப் கிராமத்துக்குப் போய் அங்கேயே தங்கும். விடியற்காலையில் அதுவே முதல் டிரிப்பாகப் புறப்படும். ஓட்டுநரும் நடத்துநரும் படுப்பதற்கு அந்த ஊரில் கோயில் திண்ணைதான் இருந்தது. கழிப்பறை கிடையாது. மழைக்காலத்தில் பாம்பு வேறு. அந்த டியூட்டி விழுந்தாலே ஆட்கள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவார்களாம். "பற்றாக்குறை ஆளுக்கு இல்லை சார், ஒரு கதவுக்கும் ஒரு தாழ்ப்பாளுக்கும்" என்றார்.

மூன்று மாதம் கழித்து ஊராட்சி, சமுதாயக் கூடத்தில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தது. பஸ் திரும்ப வந்தது. நான்கு பத்துக்குப் புறப்பட வேண்டியது நான்கு ஐம்பதுக்குத்தான் புறப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாற்பது நிமிடத்தை எங்களால் மீட்க முடியவில்லை.

இந்தக் கதையை வைத்து நிபுணர்கள் எதற்கும் ஆக மாட்டார்கள் என்று யாரும் கைதட்டிவிட வேண்டாம். அதே குழுவில் எதிர்ப்பக்கத் தவறுகளும் நடந்தன. கோரிப்பாளையத்திலிருந்து புறநகர் போகும் ஒரு தடத்தில் கூடுதலாகப் பத்து நிறுத்தம் வேண்டும் என்று மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். அதில் ஒரு நிறுத்தம், மனு கொடுத்தவர் ஒருவரின் கடை வாசல். இந்த இடத்தில் கணக்குத் தெரிந்தவன் வாயைத் திறக்க வேண்டும். ஒரு நிறுத்தத்துக்கு அரை நிமிடம் என்று வைத்தால் பத்து நிறுத்தத்துக்கு ஐந்து நிமிடம். அந்த பஸ் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நடை ஓடுகிறது என்றால் ஒரு மணி நேரம் போய்விட்டது. அதாவது முழுதாக ஒரு நடை போச்சு. "பத்து நிறுத்தமும் வேண்டுமென்றால் எந்த நடையை விட்டுக்கொடுக்கிறீர்கள், அதையும் நீங்களே சொல்லுங்கள்" என்றேன். அரை மணி நேரம் சண்டை போட்டு, மூன்று நிறுத்தத்தில் வந்து நின்றார்கள். கடை வாசல் போயிற்று. அவர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை.

இப்போது கொஞ்சம் சட்டம். கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டில் பயணி வாய் திறக்க இடம் கொடுத்த பழைய துறை ரயில்வேதான். 1920-இல் அமைந்த ஆக்வொர்த் குழு, ரயில்வே நிர்வாகத்தில் இந்தியப் பொதுமக்களின் குரல் ஒலிக்க ஆலோசனைக் குழுக்கள் வேண்டும் என்றது. அந்தக் குழுவில் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் உறுப்பினர். அந்த வழியில் வந்ததுதான் ஒவ்வொரு ரயில்வே கோட்டத்திலும் இன்று இருக்கிற பயணிகள் ஆலோசனைக் குழு. 1956-இல் உருவான மதுரைக் கோட்டத்திலும் அது உண்டு.

பஸ்ஸுக்கு வாருங்கள். 1950-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டம் 17-ஆம் பிரிவில், கழகத்துக்கு ஆலோசனை சொல்ல மன்றங்களை மாநில அரசு அமைக்கலாம் என்று இருக்கிறது. அருமையான பிரிவு. ஆனால் தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பிறக்கவில்லை. கம்பெனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. 1972-இல் மதுரையில் பாண்டியன் பெயரில் தொடங்கிய கழகமும் அப்படித்தான். 1997-இல் பாண்டியன் பெயர் போனது, கம்பெனி என்ற பிறவி போகவில்லை. ஆகவே அந்த 17-ஆம் பிரிவு நம் ஊர் பஸ்ஸுக்குப் பக்கத்து வீட்டுக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. வாசனை வரும், இலை போட மாட்டார்கள். குழு வேண்டுமென்றால் அரசாணையாலோ நிர்வாகத்தின் மனத்தாலோதான் வர வேண்டும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 68-ஆம் பிரிவு, பர்மிட் கொடுக்கும் போக்குவரத்து ஆணையத்தில் அதிகாரி அல்லாதவரையும் உறுப்பினராக்க இடம் தருகிறது. ஆனால் எந்தப் போக்குவரத்து நிறுவனத்திலும், உரிமையாளராகவோ ஊழியராகவோ, பண ஆதாயம் உள்ளவர் கூடாது என்கிறது. பர்மிட் கொடுக்கிற இடத்தில் அது மிகச் சரி. அதே விதியை ஆலோசனைக் குழுவிலும் போட்டால் என்ன ஆகும்? தாழ்ப்பாள் கதையைச் சொன்ன நடத்துநர் போன்றவர், பணியில் இருக்கும்வரை உள்ளே வரவே முடியாது. தீர்மானிக்கும் இடத்துக்கு ஆதாயம் இல்லாதவர் வேண்டும். அறிந்து சொல்லும் இடத்துக்கு அன்றாடம் அதில் உழல்கிறவர் வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் நம் குழுக்களில் பஸ்ஸில் ஏறியே பல வருடமான பிரமுகர்கள் நிரம்பி வழிகிறார்கள்.

சாலையோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களே தேர்ந்தெடுத்தவர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பஸ் பயணிக்கு இப்படி ஒரு பங்கு எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. வடை விற்பவருக்கு இருக்கிற நாற்காலி, அதைத் தின்றுகொண்டு பஸ்ஸுக்கு நிற்பவருக்கு இல்லை. வெளிநாட்டில் உண்டா என்று கேட்பீர்கள். நியூயார்க்கில் 1981 முதல் சட்டம் போட்டே ஒரு நிரந்தரப் பயணிகள் குழு இயங்குகிறது. சம்பளம் வாங்காத உறுப்பினர்கள். அதற்கு மேல் நியூயார்க் நமக்கு வேண்டாம்.

நமக்கு மானூர் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம், நம் பாண்டிய நாடுதான். சுமார் 800-ஆம் ஆண்டில், மாறஞ்சடையன் காலத்தில், அந்த ஊர்ச் சபை தன் உறுப்பினர்களுக்கு விதி வகுத்துக் கல்லில் வெட்டியது. குடவோலை என்றதும் எல்லாரும் உத்திரமேரூருக்கு ஓடுகிறோம். மானூர் அதற்கும் நூறாண்டுக்கு மேல் மூத்தது. சபையில் எதைச் சொன்னாலும் 'அன்று, அன்று' என்று மறுத்தே காரியத்தைக் கெடுப்பவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது அந்தக் கல்வெட்டு. குத்துக்கால் போடுவது என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே குழுக் கூட்டங்கள் எப்படி நடந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் இன்றைய குழுக்களில் 'அன்று' என்று யாரும் சொல்வதே இல்லை. அது பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு ஒரு சொல் வந்துவிட்டது: 'பரிசீலிக்கப்படும்.' மறுத்தால் ஏன் என்று கேட்கலாம். பரிசீலிக்கப்படும் என்றால் நன்றி சொல்லிவிட்டு டீ குடிக்கத்தான் முடியும்.

இந்தச் சொல் பிழைத்திருப்பதற்குக் காரணம், ஒரு கேள்விக்கு ஒரே இடத்தில் பதில் இல்லாததுதான். பஸ் நிறுத்தத்தை இருபது அடி தள்ளிப் போட வேண்டும் என்று வையுங்கள். சாலை மாநகராட்சியுடையதாகவோ நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ இருக்கும். பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. சிக்னல் காவல்துறையிடம். பர்மிட் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்; அதுவும் நம் ஊருக்கு 58, 59, 64 என்று மூன்று எண். 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் ஓர் ஆணையம் வேண்டும் என்றது. சென்னைக்கு அப்படியொரு சட்டம் 2010-இல் நிறைவேறியது. அங்கேயும் ஆணையம் நடக்கப் பழகப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. வாகனங்கள் அல்ல, மனிதர்கள் நகர வேண்டும் என்பது அந்தக் கொள்கையின் சாரம். நல்லது. கோப்புகளும் நகர வேண்டும்.

எங்கள் குழுவில் அதை நகர்த்தியவர் நான் இல்லை. ஐந்தாவது கூட்டம் என்று நினைவு. முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார்கள். ஏழு இடத்தில் 'பரிசீலிக்கப்படும்' வந்தது. அந்த அம்மா கையை உயர்த்தி, ரொம்பச் சாதாரணமாக, "பரிசீலித்தவர் யார் சார்?" என்று கேட்டார். கோபம் இல்லை; பூ எடை போட்டவர் யார் என்று கேட்கிற குரல். கூட்டத்தை நடத்திய அதிகாரி முன்னும் பின்னும் தாள்களைப் புரட்டினார். பெயர் இல்லை. அவர் நல்ல மனிதர், மறைக்கவில்லை. "எழுதவில்லை அம்மா" என்றார்.

அடுத்த கூட்டத்துக் குறிப்பில் இரண்டு பத்திகள் கூடின: பொறுப்பு அலுவலர், பதில் தர வேண்டிய நாள். மூன்றாவதாக ஒன்றை நான் சேர்க்கச் சொன்னேன்: முடியாது என்றால், காரணம். இரண்டாண்டில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அதன் பிறகு 'முடியாது' என்ற பதில்கள் அதிகமாக வந்தன. எனக்கு அதில் மகிழ்ச்சியே. 'பஸ் இல்லை' என்று எழுதி வந்தால் எத்தனை பஸ், எந்தப் பணிமனை என்று கேட்கலாம். 'சாலை அகலம் போதாது' என்று வந்தால் நான் நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளக்கலாம். இரண்டு இடத்தில் அளந்தேன். ஒன்றில் அவர்கள் சொன்னது சரி.

எங்கள் காலம் முடிந்தது. புதிய உறுப்பினர்கள் வந்தார்கள். அந்த அம்மாவின் இடத்துக்கு அவனியாபுரம் பக்கமிருந்து ஓர் இளம்பெண், தையல் கம்பெனிக்கு தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறவர். கடைசிக் கூட்டம் முடிந்து வாசலில் அம்மா தன் நோட்டை அவரிடம் கொடுப்பதைப் பார்த்தேன். அட்டை பிய்ந்து, நூல் போட்டுக் கட்டியிருந்தது. வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரே ஒரு வரி: 'மழை பெய்தால் பாலத்தடியில் பஸ் நிற்பதில்லை. கேட்க வேண்டும்.'