மதிலுக்கு வெளியே இருந்தவர்கள்

அனைவருக்கும் வணக்கம். மூன்று படங்களையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதால் கதைச் சுருக்கம் சொல்லப் போவதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2002-இல் பீட்டர் முல்லன் எடுத்த 'தி மேக்டலீன் சிஸ்டர்ஸ்', 2013-இல் ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் எடுத்த 'ஃபிலோமினா', 2024-இல் டிம் மிலான்ட்ஸ் எடுத்த 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்'. மூன்றுமே அயர்லாந்தின் கதை. கல்யாணம் ஆகாமல் தாயான பெண்களும், நடத்தை சரியில்லை என்று ஊர் முத்திரை குத்திய பெண்களும் கத்தோலிக்க மடங்களில் என்ன பாடுபட்டார்கள் என்பதைச் சொல்பவை. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் 22 ஆண்டு இடைவெளி. அதற்குள் கேமரா மதிலுக்கு உள்ளேயிருந்து வெளியே தெருவுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பலரும் இரண்டு வகை நிறுவனங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கல்யாணம் ஆகாத பெண்கள் பிரசவத்துக்கு அனுப்பப்பட்ட தாய்–சேய் இல்லங்கள். மற்றொன்று, கன்னியாஸ்திரீகள் நடத்திய மேக்டலீன் சலவைக்கூடங்கள். சலவைக்கூடத்தில் பிள்ளை பெற்றவர்கள் மட்டும் இருக்கவில்லை. அநாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள், வன்முறைக்கு ஆளானவர்கள், வீட்டில் வேண்டாதவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கூலி கிடையாது. அயர்லாந்து தனி நாடான 1922-க்குப் பிறகு மட்டும் ஏறக்குறைய 10,000 பெண்கள் அங்கே துணி துவைத்தார்கள். டப்ளினில் இருந்த கடைசிச் சலவைக்கூடம் மூடப்பட்டது 1996-இல். நம்மில் பலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது.

சரி, முதல் படத்துக்கு வருவோம். அதில் எல்லோரும் கன்னியாஸ்திரீகளின் கொடுமையைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். என் மனதில் நிற்பது அந்தத் தொடக்கம். கல்யாண வீடு. பாட்டும் மேளமும் உச்சத்தில் இருக்க, மாடியில் மார்கரெட்டை உறவுக்காரப் பையன் ஒருவன் பலாத்காரம் செய்துவிடுகிறான். கீழே வந்து பக்கத்தில் இருப்பவளிடம் சொல்கிறாள். அப்புறம் அந்தச் செய்தி ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போகிறது. நமக்கு ஒரு சொல்கூடக் கேட்பதில்லை, மேளம்தான் கேட்கிறது. அவன் முகத்தைப் பார்க்கிறார்கள், அவள் முகத்தைப் பார்க்கிறார்கள், தங்களுக்குள் பார்த்துக்கொள்கிறார்கள். விடிந்ததும் அப்பா அவளைக் காரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். மடத்தின் வாசலை நாம் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எழுதியது அவள் வீட்டு ஆட்கள்.

அந்தப் படம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. வாடிகன் நாளிதழ் கடுமையாகச் சாடியது. 1998-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ஓர் ஆவணப்படத்தில் அந்தப் பெண்கள் தங்கள் வாயாலேயே சொன்னதைக் கேட்டுத்தான் முல்லன் இதை எடுத்தார். மிகைப்படுத்திவிட்டார் என்று சொன்னவர்களுக்கு அந்தச் சாட்சியங்களே பதில். ஆனாலும் ஒன்று உண்டு. அந்தப் படத்தின் தலைமைக் கன்னியாஸ்திரீயைப் பார்த்துப் பார்த்துக் கொதித்துவிட்டு, 'நல்லவேளை, நாம் அப்படி இல்லை' என்று நாம் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். அதற்கு அந்தப் படம் வழிவிடுகிறது.

'ஃபிலோமினா'வைப் பற்றிக் குறைவாகவே பேசப் போகிறேன். அது எல்லோருக்கும் பிடித்த படம், ஜூடி டென்ச் நடிப்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃபிலோமினா லீ உண்மையான மனிதர். ரோஸ்கிரேவில் இருந்த ஷான் ராஸ் மடத்தில் 1952-இல் அவருக்கு மகன் பிறந்தான். மூன்று வயதில் அவனை அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அவன் மைக்கேல் ஹெஸ் என்ற பெயரில் வளர்ந்து, குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தலைமைச் சட்ட ஆலோசகரானார். தாயைத் தேடி ரோஸ்கிரேவுக்கே வந்தார். மடத்தில் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. 1995-இல் இறந்தபோது, என்றாவது அம்மா தேடி வந்தால் கண்டுபிடிக்கட்டும் என்று அந்த மடத்து மண்ணிலேயே தன்னைப் புதைக்கச் சொன்னார். கற்பனையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். கடைசியில், உண்மையை மறைத்த மடத்துக் கன்னியாஸ்திரீயை ஃபிலோமினா நேருக்கு நேர் சந்தித்து மன்னிக்கும் அந்த மோதல் காட்சி மட்டும் படத்துக்காகச் சேர்த்தது. அந்தக் கன்னியாஸ்திரீ அதற்குப் பல வருடம் முன்பே காலமாகிவிட்டார். குற்றவாளியை நேரில் நிறுத்தி மன்னிப்பது பார்ப்பவருக்கு ஆறுதல். உண்மையில் எதிரே நிற்க ஆள் யாரும் இருக்கவில்லை.

இப்போது மூன்றாவது படம். என் பார்வையில் மூன்றில் இதுதான் பெரியது. நியூ ராஸ் என்ற சிற்றூர், 1985 கிறிஸ்துமஸ். நிலக்கரி விற்கும் பில் ஃபர்லாங். ஒரு நாள் விடியலில் மடத்தின் கரிக்கொட்டகையைத் திறந்தால் உள்ளே ஒரு பெண் குளிரில் விறைத்துக் கிடக்கிறாள். கூட்டிக்கொண்டு போய் மடத்தில் விடுகிறான். எமிலி வாட்சன் நடித்த மடத்துத் தலைவி கத்தவில்லை, அடிக்கவில்லை. உட்காரவைத்து டீ கொடுக்கிறார். அவனுடைய ஐந்து மகள்களின் படிப்பைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார். பக்கத்துப் பள்ளிக்கூடமும் அவர்களுடையதுதான். கடைசியில் மனைவிக்கென்று ஓர் உறையில் பணம் வைத்துக் கொடுக்கிறார். மிரட்டல் என்று சொல்லும்படி ஒரு வார்த்தைகூட இல்லை. ஃபர்லாங்குக்குப் புரிகிறது, நமக்கும் புரிகிறது.

வீட்டில் மனைவி சொல்வதும் அதேதான்: பிழைக்க வேண்டுமென்றால் சிலதைக் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். அவள் கெட்டவள் இல்லை. ஐந்து பெண்களைக் கரை சேர்க்க வேண்டியவள். அந்த வேடத்தில் நடித்தவர் ஐலீன் வால்ஷ். முல்லன் படத்தில் கிறிஸ்பினாவாக நடித்த அதே நடிகை. அங்கே பிள்ளையைப் பறிகொடுத்து, பாதிரியாரைப் பார்த்து 'நீ கடவுளின் ஆள் இல்லை' என்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டே இருந்தாளே, அவள்தான் இங்கே 'நமக்கெதுக்கு' என்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஃபர்லாங்குக்கும் ஒரு பின்கதை உண்டு. அவனும் கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்தவன். தாய் வேலை பார்த்த வீட்டு அம்மாள், ஒரு புராட்டஸ்டன்ட் விதவை, அவளைத் துரத்தவில்லை. வேலையும் கூரையும் பறிபோகவில்லை, அவ்வளவுதான். மற்ற பெண்களுக்கு அந்த இரண்டும் இல்லை. கல்யாணமாகாத தாய்மாருக்கு அயர்லாந்து அரசு உதவித்தொகை தந்ததே 1973-இல்தான். கையில் காசில்லை, வீட்டில் இடமில்லை. அப்புறம் மடத்தைத் தவிர எங்கே போவாள்?

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். தாய்–சேய் இல்லங்களை விசாரித்த ஆணையம் 2021 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. 18 நிறுவனங்கள், சுமார் 56,000 தாய்மார், 57,000 குழந்தைகள். அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய 9,000 பேர் செத்துப்போனார்கள். இவ்வளவையும் எழுதிவிட்டு, முதன்மைப் பொறுப்பு குழந்தைகளின் தகப்பன்மாருக்கும் பெண்களின் குடும்பங்களுக்கும்தான் என்றது ஆணையம். பிழைத்து வந்த பெண்கள் கொதித்துப் போனார்கள். நியாயம்தானே? ஊரே குற்றவாளி என்றால் யாரும் குற்றவாளி இல்லை என்றாகிவிடும். சலவைக்கூடங்களுக்கு வந்த பெண்களில் கால்வாசிக்கு மேல் அரசு அமைப்புகள் வழியாகவே வந்தவர்கள் என்று 2013-இல் அரசு அறிக்கையே ஒப்புக்கொண்டது. அரசுத் துறைகளின் அழுக்குத் துணியும் அங்கேதான் போனது.

அதனால்தான் அந்த உறையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஊர் சும்மா இருந்தது என்று சொல்வது சுலபம். ஊரை எப்படிச் சும்மா இருக்க வைத்தார்கள் என்று காட்டுகிறது அந்தப் படம். பள்ளியில் ஓர் இடம், கரிக்கு ஒரு நிரந்தர வாடிக்கை, கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் பணம். வாங்கிக்கொண்டவர்கள் பதில் சொல்ல வேண்டும். கொடுத்தவர்கள் அவர்களுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

கொடுத்தவர்கள் சொன்னார்களா? 2013-இல் சலவைக்கூடப் பெண்களுக்கு அரசு இழப்பீடு அறிவித்தபோது, அவற்றை நடத்திய நான்கு சபைகளும் பணம் தர மறுத்துவிட்டன. டூவம் என்ற ஊரின் தாய்–சேய் இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் பெயர்களைத் தோண்டி எடுத்தவர் கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர். குழந்தைகள் புதைக்கப்பட்ட அந்த மண்ணைத் தோண்டும் வேலை 2025 ஜூலையில்தான் முழுமையாகத் தொடங்கியது. தாய்–சேய் இல்லங்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் 2024-இல் திறக்கப்பட்டது. அதில் ஒரு விதி இருக்கிறது: குழந்தையாக அங்கே ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவருக்குப் பணம் கிடையாது. ஐந்தாவது மாதத்தில் தாய் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போகப்பட்டவர், இன்று எழுபது வயதில், அந்தப் பட்டியலில் இல்லை.