கதவைத் தட்டும் முன் பேர் தெரியட்டும்

பெருமதிப்புக்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையாரே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களே, வணக்கம்.

நம் கிறிஸ்தவ சபை தன் அக்கம்பக்கத்துக்கு முதலில் கொடுக்க வேண்டியது உதவியா, பழக்கமா, அதாவது ஆளறிந்து பழகும் நெருக்கமா? பழக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி, "நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம் ஊர், பேரா விசாரித்தான்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். சரி, விசாரிக்கவில்லை. ஆனால் இயேசு சொன்ன அந்தக் கதையைச் சகோதரி பாதியில் நிறுத்திவிட்டார். காயத்தைக் கட்டியவன் அத்தோடு கிளம்பிவிடவில்லை. சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். திரும்பி வருவேன் என்றானே, அந்த இடத்தில்தான் எங்கள் அணி நிற்கிறது.

ஐயா, வேலூரில் நின்றுகொண்டு, இங்கே சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், மருத்துவம் படிக்கும் எண்ணமே இல்லாத இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் அப்பா வீட்டில் இருக்கிறார். ஒரே ராத்திரியில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவத்தில் தவிக்கிறாள். "என் அப்பா மருத்துவர், அவர் வருவார்" என்கிறார் ஐடா. வேற்று ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். விடிந்ததும் மூன்று பெண்களும் இறந்த செய்தி வருகிறது.

எதிரணி நண்பர்களே, அங்கே எது இல்லை? மருந்து இருந்தது. மருத்துவர் இருந்தார். உதவும் மனசும் இருந்தது. அந்த வீடுகளுக்குள் நுழைய வழிதான் இல்லை! அந்த ஊர்ப் பெண்களுக்கு எது வேண்டும் என்று ஐடாவுக்கு அன்றுதான் புரிந்தது. அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். நோயாளி தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. கிராமத்துச் சாலையோரங்களுக்கு வாராவாரம் போய் மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி வந்தது. அதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. இன்றும் அந்தக் கல்லூரி தன் மாணவர்களைப் படிப்பின் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்கவைக்கிறது.

நம் சபைகளுக்கு வருவோம். டிசம்பர் வந்தால் ஒரு தெரு முழுக்கப் போர்வை கொடுக்கிறோம். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதே தெருவில் ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தர ஆள் வேண்டும். இன்னொரு வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகத் துணை வேண்டும். போர்வைக் கட்டோடு போய், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? 2015இல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தக் கீழ்வீட்டில் படுக்கையோடு கிடக்கும் முதியவர் இருக்கிறார் என்பது பழகிய பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கை வெள்ளம் வந்த பிறகு எடுக்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் பையோடு போனால், "இவர்கள் எதற்காக வருகிறார்கள்?" என்று பலர் யோசிக்கிறார்கள். யோசிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. வருஷம் முழுக்க வாசலில் நின்று பேசியவர், அவர்கள் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போனவர், அவர்களிடமும் உதவி கேட்டவர், அந்தச் சந்தேகத்துக்கு ஆளாவது குறைவு. சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் தண்ணீர்தானே கேட்டார்? நாம் கொடுக்கிறவர்களாகவே போகிறோம். ஞாயிற்றுக்கிழமை நம் பைக்குகள் அடைத்துக்கொள்ளும் வாசல் யாருடையது என்றாவது விசாரித்திருக்கிறோமா?

கடைசியாக ஒன்று, ஐயா. பைபிளில் வரும் பர்திமேயு குருடன் என்று எரிகோ சாலையில் எல்லாருக்கும் தெரியும். இயேசுவுக்கும் தெரியும். இருந்தும், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார். அவன் வாயால் பதில் வந்த பிறகுதான் பார்வை தந்தார். எல்லாம் தெரிந்தவரே கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாத நாம் கேட்காமல் கொடுக்கலாமா? பழக்கமே முதலில் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயாவைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.