காட்டுக்கு ஒற்றைச் சாவி போதாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

காட்டு நிலத்தைக் காக்க வல்லது மைய அரசின் தனி அதிகாரமா, கிராம சபையோடு பகிர்ந்துகொண்ட அதிகாரமா என்பது தலைப்பு. பகிர்ந்துகொண்ட அதிகாரம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் வலுவான ஒரு வாதத்தை வைத்தார். 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம் காடுகளை மாநிலப் பட்டியலிலிருந்து, மையமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுவந்தது, காட்டை வேறு வேலைக்குக் கொடுக்க மைய அரசின் ஒப்புதல் வேண்டும் என்று 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதற்குப் பிறகுதான் மாநிலங்கள் நினைத்தபடி காட்டைத் தூக்கிக் கொடுப்பது குறைந்தது என்றார். உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. மாநிலத்தின் கையைப் பிடிக்க தில்லி வேண்டும். சரி, தில்லி தவறினால் அதன் கையை யார் பிடிப்பது?

ஒடிசாவின் நியமகிரி மலைக்கு வாருங்கள். மலை முழுக்க பாக்சைட் என்ற அலுமினியத் தாது. அந்த மலைதான் அங்கு வாழும் தோங்ரியா கோந்த் பழங்குடி மக்களுக்கு நியமராஜா என்ற தெய்வம். வேதாந்தா நிறுவனத்தின் அலுமினிய ஆலைக்காக அங்கே சுரங்கம் தோண்ட மைய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2008 டிசம்பரில் முதற்கட்ட வன அனுமதி கொடுத்தது. 2010 ஆகஸ்டில் அதே அமைச்சகம் இறுதி அனுமதியை மறுத்தது. ஒரே மலைக்கு, ஒரே அலுவலகத்திலிருந்து, இரண்டு ஆண்டுக்குள் இரண்டு பதில்! மறுத்தவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் நாளைக்கு அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் மூன்றாவது பதில் வராது என்று யார் உறுதி சொல்வது?

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு, முடிவு செய்யும் பொறுப்பை கிராம சபைகளிடம் கொடுத்தது. மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருக்க, மாநில அரசு தேர்ந்தெடுத்தது 12 ஊர்களைத்தான். மாவட்ட நீதிபதி முன்னிலையில் ஒவ்வொரு ஊராகக் கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. ஒன்றுகூடப் பிசகவில்லை. 'கிராமத்து மக்களை எளிதில் விலைக்கு வாங்கிவிடலாம்' என்று நண்பர் சொன்னாரே, அவருக்கு இந்தப் பன்னிரண்டு ஊரைத்தான் பதிலாக வைக்கிறேன். 2014 ஜனவரியில் அமைச்சகம் அந்த முடிவை ஏற்றுச் சுரங்கத்தை நிராகரித்தது. ஊர் சொன்னது, தில்லி கையெழுத்திட்டது. பகிர்வு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

'காட்டைப் பராமரிக்கப் படித்த அதிகாரிகள் வேண்டும், ஊருக்கு என்ன தெரியும்' என்று இன்னொரு நண்பர் கேட்டார். நம் தாளவாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது பிலிகிரி ரங்கன மலை. அங்கே வாழும் சோளகர் பழங்குடி மக்கள் முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்தில் சருகுக்குச் சிறுதீ வைப்பார்கள். புதர் அடங்கும், புல் துளிர்க்கும், பின்னால் பெருந்தீ பிடிக்காது. சட்டம் அதைத் தடுத்தது. உண்ணிச்செடி என்ற அயல்நாட்டுப் புதர் காட்டை மூடியது. தீயை நிறுத்தியதும் அதற்கு ஒரு காரணம் என்று சோளகர்களோடு சேர்ந்து ஆராய்ந்தவர்களே சொல்கிறார்கள். 2011இல் அந்தக் காடு புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டில் சோளகரின் கிராம சபைகளுக்கு, காட்டின் மீது ஊருக்கே பொதுவான சமூக உரிமையும் கிடைத்தது. புலியும் ஊரும் ஒரே காட்டில் இருக்கலாம் என்பதற்கு நான் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, உரிமையைக் காகிதத்தில் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொள்வதும் நடக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெந்தா லேகா என்று ஒரு சிற்றூர். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை பெற்றது. காடு நிறைய மூங்கில். வெட்டி விற்கலாம் என்று போனால், ஊர் எல்லையைத் தாண்ட வனத்துறையின் பாஸ் வேண்டும் என்றார்கள். பாஸ் கேட்டால் கொடுக்கவில்லை. காரணம்? 1927ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் 2017 வரை மூங்கில் மரம். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூங்கில், ஊர் மக்களே எடுத்து விற்கக்கூடிய சிறு வன மகசூல். தாவரவியல்படி அது புல்! ஒரு மூங்கில் கழிக்காக அந்த ஊர் இரண்டு ஆண்டு போராடியது. கடைசியில் 2011 ஏப்ரலில் மைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷே நேரில் வந்து பாஸ் புத்தகத்தைக் கிராம சபையின் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. சட்டம் கொடுத்த உரிமையைப் பெற ஓர் ஊருக்கு மைய அமைச்சரே வரவேண்டும் என்றால், மற்ற ஊர்களின் நிலையை நினைத்து என் வயிறு எரிகிறது.

அந்த ஊர் தனி நாடு கேட்கவில்லை. அவர்களுடைய முழக்கமே, 'தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு' என்பதுதான். இதில் எந்த வரி நாட்டுக்கு விரோதம்?

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். காட்டை வேறு வேலைக்குக் கொடுப்பதற்கு முன் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 2009இல் அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது. 2022இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகளோ, தில்லி இறுதி ஒப்புதல் கொடுத்த பிறகு வன உரிமைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாநில அரசின் தலையில் வைத்தன. தேசியப் பழங்குடியினர் ஆணையமே இதை எதிர்த்தது. எல்லாம் முடிவானபின் ஊரைக் கூட்டி 'சம்மதமா' என்று கேட்டால் அது கேள்வியா? தாலி கட்டி முடித்த பிறகு பெண்ணிடம் விருப்பம் கேட்பது போல இருக்கிறது.

'ஊரே காட்டை விற்றால் யார் தடுப்பது?' என்று எதிரணி கேட்கும். தில்லி தடுக்கட்டும். அதற்குத்தான் 1980ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அது இருக்கட்டும். தில்லியே கொடுக்க நினைத்தால் ஊர் தடுக்கட்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி. ஊரின் பூட்டு முதலில் திறக்காமல் தில்லியின் சாவி துளைக்குள் நுழையக் கூடாது. அந்த வரிசையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லித்தான் எங்கள் அணி இந்த மேடையில் நிற்கிறது. நன்றி, வணக்கம்.