ஸ்விட்ச்சுக்கும் சரியான மணி வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை என்று கணினிகள் நிறைந்த எந்த இடத்திலும் ஒரு மூலையில் ரேக் ஒன்று நிற்கும். அதற்குள் பச்சை விளக்குகள் வரிசையாக மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டிதான் நெட்வொர்க் ஸ்விட்ச். கட்டடத்தின் கேபிள்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். கேபிளைச் செருகி மின்சாரம் கொடுத்தால் போதும் என்கிற சாதாரண வகை ஒன்று உண்டு. உள்ளே நுழைந்து கட்டளை கொடுத்து அமைத்துக்கொள்ளும் மேனேஜ்டு வகை இன்னொன்று. இந்த இரண்டாவது வகைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இன்றைக்கு அந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், முக்கியமாக உங்களுக்காக.

ஸ்விட்ச் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும். எந்த போர்ட்டில் இணைப்பு அறுந்தது, எப்போது திரும்பி வந்தது, யார் உள்ளே நுழைந்து எதை மாற்றினார்கள் என்று லாக்கில் வரி வரியாக விழும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தேதியும் மணியும் இருக்கும். சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சுகளில் பழைய மாடல்கள் பலவற்றில், மின்சாரம் போனால் நேரத்தைக் காப்பாற்றி வைக்கும் பேட்டரி கிடையாது. அணைந்து மீண்டும் எழும்போது அவை 1993 மார்ச் 1, நள்ளிரவு என்று எண்ணத் தொடங்கிவிடும். மின்வெட்டு வந்து போன ஒவ்வொரு தடவையும் அதே மார்ச் 1.

ஒரு சனிக்கிழமை இரவு யாரோ நெட்வொர்க்குக்குள் புகுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். திங்கள் காலையில், வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வாலின் லாக்கைப் பார்த்தால் 11 மணி 42 நிமிடம். சர்வரில் 11 மணி 47. ஸ்விட்ச்சிலோ 1993 மார்ச் 3. புகுந்தவர் முதலில் எங்கே கைவைத்தார், அப்புறம் எங்கே போனார்? மூன்று லாக்கும் கையில் இருந்தும் வரிசை சொல்ல முடியாது. வரிசை தெரியாத லாக்கை வைத்துக்கொண்டு காவல்துறையிடமும் பேச முடியாது, நிர்வாகத்திடமும் பேச முடியாது. அதனால்தான் புது ஸ்விட்ச்சில் விலான், அதாவது ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனித்தனி நெட்வொர்க், பிரிப்பதற்கும் முன்னால் மணியைச் சரிசெய்யுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

கையால் ஒருமுறை மணி வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் வினாடி தவறும். மாதத்தில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். பத்து ஸ்விட்ச் இருந்தால் பத்தும் பத்துத் திசையில் விலகிப் போகும்.

இதற்கான தீர்வு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் உருவாக்கிய நெட்வொர்க் டைம் புரோட்டோகால், சுருக்கமாக என்டிபி. அதன் முதல் வரையறை 1985இல் வெளியானது. பக்கத்துத் தெருக் கடைக்குப் பையனை அனுப்பி மணி கேட்டு வரச் சொன்னால், அவன் வந்து சொல்லும்போது அந்த மணி பழையதாகிவிடும் இல்லையா? போக எவ்வளவு, வர எவ்வளவு என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். என்டிபி அதைத்தான் செய்கிறது. கேள்வி புறப்பட்ட நேரம், சர்வரில் சேர்ந்த நேரம், பதில் புறப்பட்ட நேரம், பதில் வந்த நேரம் என்று நான்கையும் குறித்து, வழியில் ஆன தாமதத்தையும் நம் கடிகாரத்தின் பிசகையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அதனால், நேரம் தரும் சர்வர் அருகில் இருப்பது நல்லது.

இந்தியாவில் இது இப்போது விருப்பம் சார்ந்த விஷயமும் இல்லை. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு வெளியிட்டது. நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தங்கள் கணினிக் கடிகாரங்களை தேசிய தகவலியல் மையத்தின் சர்வருடனோ, புது தில்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வருடனோ, அவற்றிலிருந்து நேரம் பெறும் வேறு சர்வருடனோ இணைக்க வேண்டும் என்கிறது அது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் வருகிறது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். தப்பான மணியோடு 180 நாள் சேர்த்து வைத்த லாக்கால் யாருக்கு என்ன பயன்?

சரி, ஸ்விட்ச்சுக்குள் போவோம். சிஸ்கோ ஸ்விட்ச்சையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற நிறுவனங்களில் சொற்கள் மாறும், வேலை அதேதான். முதலில் கிளாக் டைம்ஜோன் ஐஎஸ்டி 5 30 என்று கொடுத்து நம் நேர மண்டலத்தைச் சொல்லுங்கள். என்டிபி கொண்டு வருவது உலகப் பொது நேரம் மட்டுமே. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுவது ஸ்விட்ச்சின் பொறுப்பு. அப்புறம் என்டிபி சர்வர் என்ற கட்டளையோடு சர்வர் முகவரிகள்.

இங்கே பலர் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். மணியைக் கேட்டால் ஸ்விட்ச் சரியாகச் சொல்லும், லாக் மட்டும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். லாக்கின் நேரக் குறிப்புக்குத் தனிக் கட்டளை இருக்கிறது. அதில் லோக்கல்டைம் என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் உலகப் பொது நேரத்திலேயே எழுதும். கூடவே ஷோ-டைம்ஜோன் என்பதையும் சேர்த்துவிடுங்கள், ஒவ்வொரு வரியிலும் ஐஎஸ்டி என்று தெரியும். எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் வைப்பதே மேல் என்று வாதிடுபவர்கள் உண்டு. பல நாடுகளில் கிளை இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஒரே ஊரில் இருக்கும் கல்லூரிக்கு இந்திய நேரமே வசதி. எதுவானாலும் எல்லாக் கருவியிலும் ஒன்றே இருக்கட்டும்.

எத்தனை சர்வர் வைப்பது? ஒன்று போதாது. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் நேர சர்வர்கள் கொஞ்ச நேரம் ஆண்டு 2000 என்று பதில் சொல்லின. அவற்றை மட்டும் நம்பியிருந்த இடங்களில் கணினிகள் பன்னிரண்டு ஆண்டு பின்னே போயின. இரண்டு வைத்தால், இரண்டும் முரண்படும்போது எது சரி என்று ஸ்விட்ச்சுக்குத் தெரியாது. நான்கு இருந்தால் ஒன்று தவறினாலும் மற்றவை அதைத் தள்ளி வைத்துவிடும்.

அதற்காக ஐம்பது ஸ்விட்ச்சையும் வெளியே அனுப்பிக் கேட்க வைக்காதீர்கள். 2003இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு நடந்தது இது: நெட்கியர் நிறுவனத்தின் ரௌட்டர்களுக்குள் அந்தப் பல்கலைக்கழகத்தின் நேர சர்வர் முகவரி நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தது. பதில் வராதபோது வினாடிக்கு ஒருமுறை கேட்டன. லட்சக்கணக்கான ரௌட்டர்களின் கேள்வி வெள்ளமாக வந்து அங்கே குவிந்தது. நம் இடத்தில் இரண்டு மையக் கருவிகள் மட்டும் வெளியே அந்த நான்கு சர்வர்களிடம் கேட்கட்டும். மாடிக்கு மாடி இருக்கும் ஸ்விட்ச்சுகள் அந்த இரண்டிடமும் கேட்கட்டும். வெளியாட்கள் உங்கள் ஸ்விட்ச்சிடம் மணி கேட்க முடியாதபடி தடுப்பும் போட்டுவிடுங்கள். 2014இல் கவனிப்பாரற்றுத் திறந்து கிடந்த என்டிபி சர்வர்களைத்தான் பெரிய தாக்குதல்களுக்குப் பயன்படுத்தினார்கள்.

கட்டளை கொடுத்ததும் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடாதீர்கள். சில நிமிடங்கள் கழித்து ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ் என்று அடித்துப் பாருங்கள். ஒரு சர்வர் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி வந்திருந்தால், ஸ்விட்ச் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று பொருள். லாக் வரியின் தொடக்கத்தில் வரும் நட்சத்திரத்துக்கோ இதற்கு நேர் எதிரான பொருள்: இந்த மணியை நம்பாதே என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரீச் என்ற பத்தியில் 377 இருந்தால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. பூஜ்யமாகவே நின்றால், பெரும்பாலும் ஃபயர்வால், என்டிபி செல்லும் வழியான யுடிபி 123ஆம் போர்ட்டை மறித்திருக்கும். இல்லையென்றால், ஸ்விட்ச் எந்த முகவரியிலிருந்து கேட்கிறது என்று பாருங்கள். பதில் திரும்பி வர வழியில்லாத முகவரியாக இருக்கலாம். ரீச் நன்றாக இருந்து, ஸ்ட்ரேட்டம், அதாவது மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி என்ற எண், 16 என்று காட்டினால், நீங்கள் கேட்கும் சர்வருக்கே சரியான மணி கிடைக்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். என்டிபி 1900 ஜனவரி 1 முதல் வினாடிகளை 32 பிட்டில் எண்ணுகிறது. அந்த எண்ணிக்கை நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்கு வரும் நாள் 2036 பிப்ரவரி 7. நமக்கு அப்போது பகல் 12 மணிக்கு இரண்டு நிமிடம் குறைவாக இருக்கும். முறையாக எழுதப்பட்ட மென்பொருள் அதைத் தாண்டிவிடும். ஆனால் ஸ்விட்ச் வாங்கினால் பத்து ஆண்டுக்கு மேல் அதைக் கழற்றாத ஊர் நம்முடையது. இப்போது புதிதாக வாங்குகிறவர்கள் விற்க வருபவரிடம் இந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, கொள்முதல் கோப்பிலேயே வையுங்கள்.

நன்றி, வணக்கம்.